மூன்றாம் சாக்கு

ஆல்டன் மாஸ்ரர் கப்பலில் கொண்டுவந்த பெட்டியில்
வேதப் புத்தகங்களுக்குக் கீழே
ஒரு தடி, ஒரு தோலுறை, மூன்று பந்து.
பண்டத்தரிப்புப் பள்ளிக்கூட வளவில்
அப்படியொன்றை அதற்கு முன் யாரும் கண்டதில்லை.

பந்து மாட்டுத்தோல் என்று தெரிந்ததும்
விசாகப்பெருமாள் கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனான்.
மறுநாள் வந்தான்.
அடிப்பேன், பிடிக்கமாட்டேன் என்றான்.

உமி அடைத்த சாக்கு நாலு.
நாலாவதற்குப் பெயர் வீடு.
விதிகளைத் தமிழாக்கும் வேலை எனக்கு;
வகுப்பில் இங்கிலிசுக்கு முதலாவது நான்தான்.
கிளித்தட்டுப் போல என்றேன், பாதி விளங்கியது.

எறிகிறவன் அசந்த நேரம் பார்த்து
அடுத்த சாக்குக்கு ஓடுவதற்கு
மாஸ்ரர் சொன்ன சொல்லுக்குத் தமிழ் களவு.
உபதேசியார் எழும்பி நின்று
எட்டாம் கற்பனை என்னடா என்று கேட்டார்.
நான் அதைப் பாய்ச்சல் என்று மாற்றினேன்.
ஞாயிறு தவிர எல்லா நாளும் பாய்ந்தோம்.

சோளகம் தொடங்கிற்று.
தூக்கி அடித்ததெல்லாம் காற்றோடு போய்
பனையோலை வேலிக்கு அப்பால் விழுந்தது.
வேலிக்கு அப்பால் பூதன்.
எடுத்து எறிவான்,
வேலிக்கு மேலால், நேரே வீட்டுச் சாக்குக்கு,
இடையில் ஒருதரம் நிலத்தில் படாமல்.
மாஸ்ரர் ஒருநாள் காலடியால் அளந்து பார்த்தார்.
நூற்றுப் பத்து.
தனியாக நின்று சிரித்தார்.

ஆனியில் அம்மாள் வருத்தம். ஐந்து பேர் வரவில்லை.
மாஸ்ரர் படலையைத் திறந்து
பூதனைக் கையில் பிடித்துக் கூட்டிவந்து
மூன்றாம் சாக்கில் நிறுத்தினார்.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
விசாகப்பெருமாள் வேப்பமர நிழலுக்கு நகர்ந்தான்.

இரண்டாம் சாக்கிலிருந்து நான் பாய்ந்தேன்.
பந்து எனக்கு முன்னே வந்துவிட்டது.
எனக்கும் சாக்குக்கும் நடுவே பூதன்.
நான் நின்றேன். அவனும் நின்றான்.
இரண்டு முழம்.
பாளைக்கத்தி கீறிய விரல்கள்
பந்தைச் சுற்றி, அவசரமில்லாமல்,
காத்திருந்தன.

தொடச் சொல்லு, தொடச் சொல்லு என்று
மாஸ்ரர் தன் பாஷையில் என்னைப் பார்த்துக் கத்தினார்.
தொட்டால் நான் ஆட்டமிழந்தேன். விதி அவ்வளவுதான்.
இரண்டெழுத்துச் சொல்,
அகராதி வேண்டாம்.

'போடு' என்றேன்.
தூரத்தில் நிற்பவருக்கு இரண்டும் ஒரே ஓசை.

பூதன் என் முகத்தைப் பார்த்தான்.
குனிந்து, முட்டையை வைப்பதுபோல்
பந்தைச் சாக்கின்மேல் வைத்தான்.
படலையால் போனான்.
நான் நடந்தே வீட்டுக்குப் போனேன்.

மாஸ்ரரின் கொப்பியில்
என் பெயருக்கு நேரே ஒரு கோடு.

ஆவணி வரைக்கும் சோளகம் அடித்தது.
வேலிக்கு அப்பால் விழுந்த பந்துகளை
நாங்களே போய்த் தேடினோம்.
மூன்றில் ஒன்று கிடைத்தது.