குப்பை: சீட்டு எண் 4117

அகராதி அறையில் என் பங்கு
கு முதல் கூ வரை.
சம்பளம் குறைவு. மின்விசிறி உண்டு,
சீட்டுகள் பறக்குமென்று போடுவதில்லை.

குப்பை என்ற சீட்டில்
முதல் பொருள்: குவியல், மேடு.
களத்தில் தூற்றிச் சேர்த்த நெல்லுக்கு
அதுதான் பெயர் ஒருகாலத்தில். உப்புக்கும்.
மலையைப் பக்கத்தில் வைத்துப் பேசுமளவு
பெருமையான சொல்.
இரண்டாம் பொருளை
எந்தத் தெருமுனையிலும் பார்க்கலாம்.

ஒன்றிலிருந்து இரண்டுக்கு
எப்போது இறங்கியது என்று
ஓரத்தில் பென்சிலால் கேட்டிருக்கிறார்
எனக்கு முன் இந்த நாற்காலியில் இருந்தவர்.
கேள்விக்குறியை மட்டும் பேனாவில் அழுத்திப் போட்டிருக்கிறார்.

ஐப்பசியில் கச்சனம் போயிருந்தேன்,
மைத்துனன் கடனுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட.
பேருந்து நின்ற இடத்தில் கொள்முதல் நிலையம்.
பாதிச் சாலை நெல்.
நெல்லுக்கு மேல் தார்ப்பாய், தார்ப்பாய்க்கு மேல் செங்கல்,
செங்கலுக்கு மேல் மழை.

அபூர்வம் என்றொரு பெண்
பதினோரு நாளாக முறைக்குக் காத்திருக்கிறார்.
ஒரு பிடி நெல்லைக் கருவியில் போட்டு
உத்திராபதி படிக்கிறார்: இருபத்திரண்டு.
"பதினேழத் தாண்டினா எடுக்க முடியாதும்மா.
ஈரம் அதிகம்."
"அது நெல்லுக்கு. ஒனக்கு?"

சட்டைப் பையில் சீட்டுத் தேடினேன்.
ஈ என் எழுத்தல்ல, கோமளவல்லியின் மேசை.
இருந்தாலும் குறித்துக்கொண்டேன்:
ஈரம். நனைவு; அன்பு.
ஒரே மூச்சில் இரண்டும். கச்சனம்.
உத்திராபதி சிரிக்கவில்லை.
அவருக்கு மேலே ஓர் ஆள்,
அந்த ஆளுக்கு மேலே ஒரு சுற்றறிக்கை.

நாலாம் நாள் திரும்புகையில்
மழை விட்டிருந்தது. தார்ப்பாயை விலக்கினார்கள்.
உள்ளிருந்து ஆவி.
வெள்ளை வெள்ளையாய் முளைவிட்டு
வேரோடு வேர் பிடித்துக்கொண்டு
நெல் ஒரே அடையாக எழுந்து வந்தது.
அபூர்வம் காலால் ஒரு தள்ளு தள்ளினார்.
"குப்பையாப் போச்சு."

ஓராயிரம் வருஷமோ என்னவோ
அந்தச் சொல் நடந்த தூரத்தை
நெல் நாலு ராத்திரியில் நடந்துவிட்டது.
முன்னவரின் கேள்விக்குத்
தேதி போட்டே விடை எழுதலாம் போலிருந்தது.
எழுதவில்லை.

அதற்குள் டிராக்டர் வந்தது.
மண்வெட்டியால் வெட்டி ஏற்றினார்கள்.
எங்கே போகிறது என்றேன்.
"குழிக்கு. மக்கிக் கெடந்தா
வர்ற கோடையில வயலுக்குக் குப்பை அடிக்கலாம்ல."

மூன்றாம் பொருள்: எரு.
சீட்டில் ஏற்கெனவே இருக்கிறது,
வட்டார வழக்கு என்ற குறிப்போடு,
மேற்கோள் இல்லாமல்.
சொன்னவர் பெயர் வேண்டுமென்றேன்.
அவர் என்னையும் என் துண்டுச் சீட்டையும் பார்த்தார்.
"பேரு எதுக்கு?
அம்பத்தாறு சிப்பம்னு போடு."

போட்டிருக்கிறேன்.