காற்று வரும் வரை

அரியமான் சவுக்குத் தோப்பில் எட்டு மாதம் நின்ற வண்டியை
ஐப்பசி ஐந்தாம் தேதி
உச்சிப்புளிக்கு இழுத்து வந்தோம், தகரக் கொட்டகைக்குள்.
வீட்டிலும் சேர்த்தியில்லை, வண்டியிலும் சேர்த்தியில்லை.
இரண்டு கட்டில், ஓர் அடுப்பு,
கதவைச் சாத்தினால் முட்டி இடிக்கும் குளியலறை.
வடகடலில் வாடை எழும்பிவிட்டது.
இனி தை கழியும்வரை சுற்றுலாக்காரன் ஒருவனும் வரமாட்டான்.

ரெஜினால்டு சார் சென்னையிலிருந்து போனில் சொன்னார்:
"புத்தகத்தில் இருக்கிறபடியே செய், வில்லாயுதம்.
ஒரு சொட்டு உள்ளே நிற்கக் கூடாது."

புத்தகம் வண்டியோடு கப்பலில் வந்தது.
நாற்பத்தோராம் பக்கத்தில் ஒரு படம்:
கூரைமேல் ஒரு முழம் பனி,
பக்கத்தில்
நீளவாக்கில் வாய்பிளந்த குழாய்.
உறையாதிருக்க இளஞ்சிவப்பு மருந்தை ஊற்றச் சொல்கிறது.

எனக்குத் தெரிந்த பனி
மண்டபம் ஐஸ் கம்பெனியில் பாளம்பாளமாய் வழுக்கி வருவது,
நகரை மீன்மேல் நொறுங்குவது.
ஒருமுறை உப்புப் போட்ட ஐஸில்
சோடா பாட்டிலைப் புதைத்துவிட்டு மறந்துபோனேன்.
வெடித்த தழும்பு இன்னும் கட்டைவிரலில் இருக்கிறது.
ஆகவே படத்தை நம்பினேன்.

இங்கே தண்ணீர் உறையாது.
நின்றால் உப்பாகும்.
வால்வின் கழுத்தில் வெள்ளையாய்ப் பூத்து
மூன்றே மாதத்தில் மரையைத் தின்னும்.
மருந்தை விட்டுவிட்டு மீதியைச் செய்தேன்.

வெந்நீர்க் கலனை ஓர் இரவு ஆறவிட்டு
அடிமூடியைக் கழற்றினால் உள்ளே ஒரு தண்டு.
கலனை அரிக்க வருவது தன்னை அரிக்கட்டும் என்று
நிறுத்தி வைத்த தண்டு.
விரல் பருமன் இருக்கவேண்டுமாம்.
கையில் வந்தது கருவாட்டு முள்.
புதிது வாங்கவேண்டும் என்று எழுதிக்கொண்டு
பழையதைச் சட்டைப்பையில் போட்டேன், எதற்கென்று தெரியாமல்.

அடிவால்வைத் திறக்குமுன் களஞ்சியம் வந்துவிட்டாள்,
இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு குடம்,
பின்னால் இன்னும் நாலு பேர்.
தொட்டியில் நூற்றிருபது லிட்டர்,
காசுக்கு வாங்கிய லாரித் தண்ணி.
"தரையில விடப்போறியாக்கும்?"
விடத்தான் போனேன். சொல்லவில்லை.
எட்டுக் குடம் நிறைந்தது.
ஒன்பதாவது கழுத்துக்குக் கீழே நின்றுவிட்டது.

நைனா முகமது பஞ்சர்க் கடைக் கம்ப்ரசரை
மூன்றுசக்கர வண்டியில் தள்ளிக்கொண்டு வந்தான்.
முள் நாற்பதைத் தாண்டக் கூடாது என்றேன்.
லாரி டயருக்கு நூறு அடிப்பவன், சிரித்தான்.
ஒவ்வொரு குழாயாய்த் திறந்தோம்.
சமையல் குழாய் முதலில் துப்பியது,
பிறகு இருமியது,
பிறகு நீளமாய் ஒரு மூச்சு.

போகாமல் நின்ற களஞ்சியம் காதைச் சாய்த்தாள்.
"இது எங்க தெருக்குழாய்ச் சத்தமில்ல?
செவ்வாக்கிழமை திறந்தா இப்படித்தான்
இருமும், துப்பும், காத்தா வரும்.
அதை எந்தக் குளிருக்குப் பயந்து
யாரு இப்படி வத்தடிச்சு வச்சா?"

நைனா கம்ப்ரசரை அணைத்தான்.
அணைத்த பிறகும் உள்ளே எங்கோ ஒரு முழங்கை வளைவில்
கொஞ்சம் தண்ணீர் உருண்டது.
மறுபடி போடச் சொன்னேன்.
கைஷவர் அரைச் சொம்பு கக்கியது.
அதையும் அவள் ஒன்பதாவது குடத்தில் பிடித்துக்கொண்டாள்.

சாக்கடைப் பொறியில் மட்டும் தண்ணீர் நிற்கவேண்டும்,
இல்லாவிட்டால் கரப்பான் ஏறும்.
அதன்மேல் ஒரு கரண்டி தேங்காயெண்ணெய்,
காயாமல் மூடிக்கிடக்க.
இது புத்தகத்தில் இல்லை.
சாரிடமும் சொல்லவில்லை.

எல்லாக் குழாயையும் திறந்தபடியே விட்டு
வண்டிக் கதவில் அட்டை கட்டினேன்:
தண்ணீர் இல்லை. திறக்காதீர்.

வியாழக்கிழமை வந்து பார்த்தால்
கதவில் சணல் நுனி மட்டும் தொங்கியது.
அட்டை தெருவில்.
குழாயின் கழுத்தில், வாடைக்கு
என் கையெழுத்து ஆடிக்கொண்டிருந்தது.