பதினெட்டு அங்குலம்

மேல் அலமாரிகள் தந்த நிறம். என் பிடிவாதம்.
கீழ் அலமாரிகள் கரும்பச்சை. நளாயினியின் பிடிவாதம்.
இரண்டுக்கும் நடுவே
பதினெட்டு அங்குலச் சுவர்
சிமெண்டோடு நிற்கிறது,
சித்திரை பிறந்ததிலிருந்து.

வார்டில் இரவெல்லாம்
வெள்ளைச் சுவரையே பார்க்கிறவள்.
வீட்டிலுமா என்கிறாள்.
சமைக்கிறவன் நான்.
கெம்போங் மீன் சட்டியில் விழும்போது
எண்ணெய் எங்கே தெறித்ததென்று
எனக்குத் தெரிந்தாக வேண்டும்.
கறை தெரியாத சுவரில்
கறை இல்லாமலா போய்விடும்?

சுங்கை பினாங்குக் கடையில் சூ பெங்
ஒவ்வொரு டைலாக எடுத்து
நெஞ்சுக்கு நேரே பிடித்து நிற்கிறாள்,
பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய பிள்ளை மாதிரி.
"சந்தெக், பாஸ்."
அழகு என்றுதான் சொல்கிறாள்.
என் காதில் ஒவ்வொரு முறையும்
பாதிச் சந்தேகமாகவே விழுகிறது.

பளிங்கு போல ஒன்று, பளிங்கில்லை.
மரம் போல ஒன்று, தட்டினால் பீங்கான்.
தேன்கூடாய் ஒன்று,
அத்தனை இடுக்கையும் யார் தேய்ப்பது என்று நினைத்ததும்
நகக்கண் கூசியது.
பூப்போட்ட ஞோஞ்ஞா டைல் வேண்டாம் என்பதில் மட்டும்
இருவரும் ஒரே கட்சி.
அது ஜார்ஜ் டவுன் ஐந்தடி நடையிலேயே இருக்கட்டும்,
வந்தவர்கள் தங்கள் செருப்போடு சேர்த்துப் படம் எடுத்துக்கொள்ளட்டும்.
சம்பால் தெறிக்கிற இடத்தில் பூ எதற்கு?

மாதிரிக்கு நாலு கடன் வாங்கி
அடுப்புக்குப் பின்னால் சாய்த்து வைத்தேன்.
கடுகு வெடித்தது. புளி கொதித்தது.
மஞ்சள் தடவி ஒரு ராத்திரி விட்டேன்.
ஒன்று குடித்துவிட்டது, திருப்பித் தரவில்லை.
அதற்கு மட்டும் காசு கொடுக்கும்படி ஆனது.
ஒன்றை நளாயினி பார்த்த மாத்திரத்தில்
கவிழ்த்து வைத்தாள்.
ஒன்று கைதவறி உடைந்தது. யார் கை என்று
இன்னும் முடிவாகவில்லை.

மிஞ்சியதில்தான் சண்டை.
"இந்தச் சாம்பல் பரவாயில்லை" என்றேன்.
"எது சாம்பல்? அது பச்சை."
பதினைந்து வருஷத்தில்
பணத்துக்கு, அவள் தம்பிக்கு,
கார் கண்ணாடியை இறக்குவதா ஏற்றுவதா என்பதற்கு
போட்டிருக்கிறோம்.
கண்ணுக்காகப் போட்டது இதுதான் முதல் தடவை.

ஞாயிறு காலை
இரவு ஷிப்ட் முடிந்து வந்தாள்.
மற்ற நாளில் அந்நேரம்
பாலத்து நெரிசலில் பிராய் பக்கம் நகர்ந்துகொண்டிருப்பேன்.
எங்கள் அடுப்படியில் வெயில் வரும் என்பதே
எனக்குத் தெரியாது.
பதினொன்றாவது மாடி,
கடலில் பட்டுத் திரும்பிய வெளிச்சம்
கீழ் அலமாரியைத் தொட்டு
டைலில் ஏறியது.
பச்சை.
பாசி பிடித்த படித்துறைக் கல்லின் பச்சை.
நான் வாயைத் திறக்கவில்லை.

இருட்டியதும் அவளை எழுப்பி
டியூப்லைட்டைப் போட்டேன்.
கொட்டாவியோடு நின்று பார்த்தாள்.
"சரி, சாம்பல்தான்.
ஆனால் அழுமூஞ்சிச் சாம்பல்.
இதிலா தினமும் சமைக்கிறீர்கள்?"
மறுநாள் விளக்கை மாற்றினோம். டைல் மாறவில்லை.

பதிக்க வந்த ரஃபீக்குல்
இடுக்குச் சாந்து என்ன நிறம் என்று கேட்டான்.
உங்கள் இஷ்டம் என்றோம்,
இருவரும் ஒரே நேரத்தில், ஒருவரை ஒருவர் பார்த்து.
அவன் தன் இஷ்டத்துக்குப் பூசிவிட்டுப் போனான்.
நன்றாகத்தான் இருக்கிறது.

ஒரு பெட்டி கூடுதலாக எடுங்கள் என்றிருந்தாள் சூ பெங்.
அடுத்த லாரியில் வருவது
இதே நிறமாக இருக்காதாம்.
உடையும் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டு
எழுபத்தெட்டு வெள்ளிக்கு வாங்கிய பெட்டி
அரிசி வாளிக்கு அடியில் இருக்கிறது.
வாளி இப்போது ஆடுவதில்லை.