உப்புத் தின்ற வண்டி

ஏப்ரல் கடைசி ஞாயிறு.
கூரை நிழலில் மட்டும் இன்னும்
ஒரு அழுக்குப் பனிமேடு,
கிளம்ப மனமில்லாத விருந்தாளி மாதிரி.
ஹான்காக் தெருவெல்லாம்
தோட்டக் குழாய்கள் இருமி இருமி விழிக்கின்றன.

ஐந்து மாதம் சாலையில் கொட்டிய உப்பையெல்லாம்
எங்கள் பிக்கப் தின்றிருக்கிறது.
தின்றால் தண்ணீர் குடிக்க வேண்டாமா?
குடி என்று முதலில் அதன் வயிற்றடியில்
குழாயைச் செருகுகிறேன்.
சாம்பல் நிறத்தில் வடிகிறது டிசம்பர்,
ஜனவரி,
ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாய் ஓடிய பிப்ரவரி.

கராஜ் வாசலில் மடக்கு நாற்காலியில் ரெய்னோ.
பார்வையின் நட்டநடுவில் கறை விழுந்து
ஓரங்கள் மட்டும் மிஞ்சியவன்.
லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்த அன்று
"சாவி உனக்கு, வண்டி எனக்கு" என்றான்.
அதற்கு என்ன அர்த்தமென்று
இன்னும் நான் கேட்கவில்லை.

"எத்தனை வாளி?"
இரண்டு.
"அடியில் சல்லடை?"
இருக்கிறது.
"மேலிருந்து கீழே. வட்டம் போடாதே."
போடவில்லை, ரெய்னோ.
(போட்டேன். ஒன்றே ஒன்று.
அவன் பக்கம் பார்த்தபடியே.)

துடைத்து முடித்து, பளிச் என்றேன்.
எழுந்து வந்தான்.
சட்டைப் பையிலிருந்து ரொட்டி சுற்றி வந்த பிளாஸ்டிக் உறை.
விரல்களை அதற்குள் நுழைத்து
பானெட் மேல் மெல்ல இழுத்தான்.
வெறுங்கைக்குப் பிடிபடாத நொய்யெல்லாம்
உறைக்குள் இருக்கும் விரலுக்குத் தெரியுமாம்.
நானும் இழுத்துப் பார்த்தேன்.
கண்ணாடி என்று நம்பிய இடமெல்லாம்
ரவை.

பிறகு களிமண் கட்டி.
பிசைந்து, தட்டையாக்கி, சோப்புத் தண்ணீர் தெளித்து
சத்தம் அடங்கும்வரை தேய்க்க வேண்டும்.
கரகர, கர, க,
ஒன்றுமில்லை.
அடுத்த சாண்.

பாலிஷ் என்றால் பூசுவது என்றுதான் நினைத்திருந்தேன்.
"பூசுவதில்லை, சுரண்டுவது.
கீறலின் ஆழத்துக்குச் சுற்றிலும் இறக்குகிறோம்.
பெயின்ட்டும் தோல்தான்,
தீர்ந்துபோகும். பார்த்துச் செய்."
மெழுகு ஒன்றைத்தான் சேர்க்கிறோம்.
அதுவும் மூச்சுப் படிந்த அளவுக்கு.

மெழுகு மங்கும்வரை காப்பி,
ஏலக்காய் போட்ட நிசு ரொட்டி.
ரெய்னோ குடிக்கவில்லை.
வலது பக்கம் உள்ளங்கையை ஓட்டிக்கொண்டே போகிறான்:
முன் சக்கர வளைவு,
கதவு,
கதவின் பிடி.

எனக்குத் தெரியும் அந்தக் கை எங்கே போகிறதென்று.
சேறே, நீ இருந்தவரை
எனக்கு வக்கீல் இருந்தார்.
நானே கழுவிவிட்டேன்.

பின் சக்கரத்துக்கு மேலே,
கட்டைவிரல் ஆழத்துக்கு,
கை நின்றது.

டாக்டர் "இனித் திரும்பாது" என்று சொன்ன நாள் அது.
இவனை வாசலில் உட்காரவைத்துவிட்டு
வண்டி எடுக்கப் போனவள்
பின்னால் பார்க்காமல் எடுத்தேன்.
முன்னாலும் பார்க்கவில்லைதான்.

எதிர்வீட்டு மார்வின் குழாயை மூடினான்.
சொட்டுச் சத்தம் கேட்கிற அமைதி.

"இந்த இடத்தைத் துணியின் முனையால் துடை,"
என்றான் ரெய்னோ.
"குழிக்குள் மெழுகு
வெள்ளையாய்த் தங்கிவிடும்."

துடைத்தேன். முனையால்தான்.
ஆறு முறை, ஏழு முறை.
குழிக்குள் தலைகீழாய் ஒரு பைன் மரம்,
ஒரு துண்டு வானம்,
மூக்கு மட்டும் பெரிதாய் நான்.

"தூணா?"
தூண்தான்.

கை கழுவி வருவதற்குள்
பக்கத்து இருக்கையில் ஏறி
பெல்ட் மாட்டியிருந்தான்.
கழுவிய வண்டியைச் சரளை ரோட்டில் இறக்காதே என்று
முப்பத்தெட்டு வருஷம் சொன்னவன்,
"ஏரிப் பக்கம் விடு," என்றான்.

சரளையாச்சே, தூசு அப்புமே.

"அப்பட்டும்.
அங்கே தூண் கிடையாது."