வினையெச்சம்

தூதரகத்தில் இருபத்தாறு வருடம் தட்டச்சு.
வினைச்சொல்லைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவேன்.
"கவலை கொள்கிறது" என்றால் ஒன்றும் நடக்காது.
"ஆழ்ந்த கவலை கொள்கிறது" என்றாலும்
ஒன்றும் நடக்காது,
தூதரே கையெழுத்துப் போடவேண்டும், அவ்வளவுதான்.

வைரவநாதன் வந்தது ஒரு ஜூலையில்,
ரூவியில் கார்க் கதவு
உள்ளங்கையைச் சுட்டுவைக்கும் மாதம்.
இரண்டாம் செயலாளர். கெய்ரோவில் கற்ற அரபி.
ரொட்டிக் கடைக்காரன் சிரித்தான்:
"இரண்டு ரொட்டி கேட்கிறாரா,
செய்தி வாசிக்கிறாரா?"

வாதி கபீர் முகாமுக்குக்
குறிப்பெடுக்க என்னைக் கூட்டிப்போனார்.
முப்பத்தொரு பேர். ஒன்பது மாதச் சம்பளம் பாக்கி.
கரண்ட்டை வெட்டிவிட்டுப் போயிருந்தான் கம்பெனிக்காரன்.
வாசலில் ஷூவைக் கழற்றினார்.
சாக்ஸில் கட்டைவிரல் ஓட்டை.
இசக்கியப்பன் என்றொருவன்
நகைக்கடைக் காலண்டரைத் திருப்பிப்போட்டுக்
கணக்கு வைத்திருந்தான்:
ஐந்நூற்று எண்பத்தைந்து ரியால், ஆளுக்கு.

"வாங்கித் தருவேன்" என்றார்.

என் பேனா நின்றுவிட்டது.
தன்மை. ஒருமை. எதிர்காலம்.
எங்கள் ஆபீஸில் யாரும் தொடாத இலக்கணம் அது.
அரசாங்கத்துக்கு "நான்" கிடையாது.

கம்பெனிக்கு அவர் எழுதிய கடிதத்தில்
"கோருகிறேன்" என்பதை அடித்துவிட்டு
"கவனத்துக்குக் கொண்டுவரப்படுகிறது" என்று
மேலிருந்து திருத்தி வந்தது.
மூன்றாம் வாரம் ஏதோ ஒரு தீவுக்கு மாற்றல்.
மேசையை ஒழித்தபோது இழுப்பறையில்
அந்தக் காலண்டர் தாள் மட்டும் கிடந்தது.
விட்டுப் போனாரா, மறந்து போனாரா,
கேட்க முடியவில்லை.

அப்புறம் அவரைப் பேப்பரில்தான் பார்த்தேன்.
ஜெனீவாவில் கோட்டு. பிறகு ராஜினாமா.
கட்சித் துண்டை முதல்நாள்
டை போல முடிச்சுப் போடப் பார்த்தாராம்,
மாவட்டச் செயலாளர் அவிழ்த்துவிட்டாராம்.
முதல் தேர்தலில் டெபாசிட் போச்சு.
இரண்டாவதில் ஆயிரத்துத் தொள்ளாயிரம் ஓட்டில் ஜெயம்.
மேடையில் "செய்வோம்" என்றார். தன்மைப் பன்மை.
சட்டென்று இணை அமைச்சர். "செய்யப்படும்."

போன மாதம் வந்தார். அல் குவைர் ஹோட்டல் ஹால்.
மேசைக்கு மேசை பேரீச்சம்பழம்,
தண்ணீர் பாட்டிலில் கூட ஹோட்டல் முத்திரை.
"ரெஜினாள், இன்னும் இங்கேதானா?"
பெயர் ஞாபகம் இருந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது,
மறைப்பானேன்.

கேள்வி நேரத்தில் கடைசி வரிசையில்
ஒருத்தர் எழுந்தார். முடி நரைத்திருந்தது.
"ஐயா, நான் வாதி கபீர் இசக்கியப்பன்.
ஐந்நூற்று எண்பத்தைந்து."
அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.

அமைச்சர் மைக்கைக் கொஞ்சம் நகர்த்தினார்.
"உரிய துறையோடு பேசி,
சட்டபூர்வமாகப் பரிசீலித்து,
ஆவன செய்து..."

நின்றார்.
ஹால் முழுக்க முற்றுவினைக்குக் காத்திருந்தது.
ஏ.சி. சத்தம் கேட்டது.
அவர் பார்வை தன் ஷூவுக்குப் போய் வந்ததைப் பார்த்தேன்.
பிறகு எவனோ கை தட்டினான்,
எல்லாரும் தட்டினார்கள்,
விழா மாலைக்கு நகர்ந்தது.

ராத்திரி பத்தரைக்கு உதவியாளர் கூப்பிட்டார்:
"ஊர்ப் பத்திரிகைக்குத் தமிழில் குறிப்பு வேண்டும்.
அமைச்சர் பார்த்து ஒப்புதல் தருவார்."
தட்டினேன். பேரீச்சம்பழம் தவிர எல்லாம் எழுதினேன்.
அந்த வாக்கியத்துக்கு வந்தேன்.
எச்சத்தில் நின்ற வாக்கியத்தை
அப்படியே விட எனக்குக் கை வராது.
"வாங்கித் தருவேன்" என்று முடித்தேன்.

விமானம் ஏறுமுன் தாள் திரும்பி வந்தது.
இரண்டாம் பத்தியில் ஒரு காற்புள்ளியைச் சேர்த்திருந்தார்.
ஆக, படித்திருக்கிறார்.
அல்லது உதவியாளரின் பேனாவோ.
கீழே பச்சை மையில் கையெழுத்து,
பழைய நீளத்தில் பாதி.

பத்திரிகையில் அந்த வரி வரவில்லை.
என்னிடம் தாள் இருக்கிறது.
இசக்கியப்பனுக்கு ஒரு நகல் அனுப்பினேன்.
தபால்தலை என் காசு.