பத்து யூரோவுக்குக் கீழே

கல்லாவுக்கு முன்னால் ஒட்டியிருப்பது
என் கையெழுத்து.
கார்ட் என்றால் ஆகக் குறைந்தது பத்து யூரோ.
தமிழில் ஒருமுறை, டொச்சில் ஒருமுறை.
டொச்சில் ஒரு எழுத்துப் பிழை.
ஆறு வருசமாய் ஒருத்தரும் திருத்தவில்லை,
விளங்கினால் காணும் என்று நானும் விட்டுவிட்டேன்.

ஒஸ்னாப்ரூக்கில், ரயில் நிலையத்துக்குப் போகிற தெருவில்
ஒரு பக்கம் மீன் பெட்டி, மறுபக்கம் அரிசி மூட்டை,
ஒருத்தர் நடக்க மற்றவர் பின்வாங்க வேண்டிய கடை.

விதி என்னுடையது. கணக்கு மெஷினுடையது.
மாதம் பிறந்தால் அதற்கு வாடகை,
ஒவ்வொரு ‘பீப்’ சத்தத்துக்கும் ஒன்பது சதம்,
மேலே நூற்றுக்கு இவ்வளவென்று கொசுறு,
கொடுப்பது நான், வாங்குவது அது.
ஒரு கட்டுக் கருவேப்பிலையில் எனக்கு நிற்பது இருபது சதம்.
பாதியை ஒரு சத்தம் தின்றால்
மீதியில் குளிர்பெட்டிக்குக் கரண்ட் கட்ட வேண்டும்.

சனம் பத்தை எட்டிப் பிடிக்கிற விதம் எனக்குப் பழக்கம்.
எட்டு யூரோ எழுபதில் நின்று தட்டுகளை மேயும் கண்.
இரவு டியூட்டி முடித்து வரும் வதனி
அப்பளப் பக்கெட் ஒன்றைத் தூக்கிப் போடுவாள்,
‘வீட்டில பதினொண்டு கிடக்கு அக்கா’ என்றபடி.
இஞ்சித் தேத்தண்ணிக்காக வரும் ஹெர் பிரிங்க்மன்
எப்படி அவிப்பதென்றே தெரியாத பயறோடு போவார்,
கிழமைக்கு ஒரு கிலோ.

செவ்வாய்க்கிழமை மழைக்குள் ஒரு பெடியன்.
சூடான். பெயர் முத்தசிம் என்று பிறகு சொன்னான்.
வெண்டிக்காய் மட்டும்.
பிஞ்சாய்ப் பார்த்து, நுனியை முறிக்காமல் பொறுக்கினான்.
நிறுத்தால் இரண்டு யூரோ நாற்பது.
நீட்டினது அலுவலகம் கொடுத்த கார்ட்.
அதில் மாதத்துக்கு ஐம்பதுதான் காசாய் எடுக்கலாமாம்,
அன்றைக்குத் தேதி பத்தொன்பது.
அவனுடைய உடைந்த டொச்சும் என்னுடைய உடைந்த டொச்சும்
பாதி வழியில் சந்தித்து இதைச் சொல்லி முடித்தன.

அறிவிப்பை வாசித்தான். பிழையான சொல்லில் கொஞ்சம் நின்றான்.
பிறகு கடையைச் சுற்றினான்.
சவர்க்காரம் எடுத்தான், வைத்தான்.
பனங்கட்டி எடுத்து விலை பார்த்தான், வைத்தான்,
எடுத்த இடத்திலேயே, பெயர் முன்னுக்குத் தெரிய.

அப்படித் திருப்பி வைக்கிற கை
எனக்குத் தெரிந்த கை.

தொண்ணூற்றெட்டில் எங்களுக்குக் கூப்பன்.
இருபது மார்க் கூப்பனுக்குப் பதினேழு மார்க் சாமான் வாங்கினால்
மிச்சம் தரமாட்டார்கள்.
பின்னால் வரிசை பெருமூச்சு விடுகிறது.
‘மூண்டு மார்க்குக்கு என்னவாவது எடுத்துக்கொண்டு ஓடி வாங்கோ’ என்றேன்.
ஓடின தவராசா கொண்டு வந்தது
சப்பாத்துப் பொலிஷ்.
அந்த மாரி முழுக்க இரண்டு பேருக்கும்
துணிச் சப்பாத்து.

மெஷினில் பத்து என்று அடித்தேன். பீப்.
வெண்டிக்காயைப் பையில் போட்டுக் கொடுத்து
கல்லாவைத் திறந்தேன்.
ஐந்து யூரோத் தாள் ஒன்று, இரண்டு யூரோக் குற்றி ஒன்று,
ஐம்பது சதம், பத்துச் சதம்.
அவன் கையை மூடவில்லை.
மறுபடி அறிவிப்பைப் பார்த்தான்.
‘பத்துத்தானே எழுதிக்கிடக்கு’ என்று
தமிழிலேயே சொல்லிவிட்டேன்.

இரவு கணக்குப் பார்த்த தவராசா
கல்லாவில் ஏழு அறுபது இடிக்கிறதென்றார்.
சொன்னேன்.
‘இது சட்டப்படி சரியோ?’
‘தெரியாது. அந்தப் பொலிஷ் எங்கை?’
கராஜில் கிடக்காம். இன்னும் திறக்கவில்லையாம்.

வெள்ளிக்கிழமை ஐந்து பெடியங்கள்.
ஐந்து பேருக்கும் வெண்டிக்காய்.
ஆளுக்கொரு பிடி, ஆளுக்கொரு பீப்.
கடைசியாய் நின்றவனுக்குக் கொடுக்கத் தாள் முடிந்து
குற்றியாய் எண்ண வேண்டி வந்தது.
ஐயொன்பது நாற்பத்தைந்து சதம்,
கொசுறு தனி.
எனக்கு வாய்ப்பாடு மறக்கவில்லை.

நாளைக்கு மழை விட்டால் வங்கிக்குப் போக வேண்டும்.
சில்லறை உருளைக்கு
அவர்களும் இப்போது காசு கேட்கிறார்கள்.