முடிந்தவரை

டார்வினில் நவம்பர்.
வருவேன் வருவேன் என்று உறுமிவிட்டு
மழை வராமல் போகும் மாதம்.
கடல் பக்கத்தில்தான், இறங்க முடியாது:
முதலையும் ஜெல்லிமீனும்.

ஏழு நாடுகள் ஒரு மேசையைச் சுற்றி
பதினெட்டு டிகிரி குளிரில்
சால்வை போர்த்திக்கொண்டு
வெப்பத்தைப் பற்றிப் பேசின.

என் வேலை தட்டச்சு.
திரையில் ஓடும் தீர்மானத்தில்
ஒருவர் மறுக்கும் சொல்லைச்
சதுர அடைப்புக்குறிக்குள் போடுவேன்.
அவர் இறங்கி வந்தால் எடுப்பேன்.
மணிக்கு நாற்பத்தாறு டாலர்.

முதல் நாள் மாலை எண்ணினேன்,
நூற்றுப் பன்னிரண்டு அடைப்புக்குறிகள்.
'கூட்டாக' உள்ளே கிடந்தது.
'பசுமை' வெளியே; அதனால் யாருக்கும் நட்டமில்லை.
'வளர்ச்சி'க்கு முன்னால் என்ன போடுவது என்பதில்
மதியச் சோறு ஆறிப்போனது.

ஊர் கூடித் தேர் இழுக்க வந்தவர்கள்
வடம் யார் வீட்டுக் கயிறு என்று
கேட்டுக்கொண்டிருந்தார்கள்.
கேட்கத்தான் வேண்டும்.
கடன் வாங்கித் திரித்த கயிறு.

ஜன்னலுக்கு வெளியே
எரிவாயுக் கப்பல் ஒன்று
நான்கு வெள்ளை உருண்டைகளைச் சுமந்து
விருந்துக்குப் போவதுபோல் நகர்ந்தது.
மாலத்தீவின் நஸீஹா அதைப் பார்த்தாள்,
பிறகு என்னை.
அந்த ஆலையில்தான் என் கணவர் மாவேந்தன்
வால்வு திருத்துகிறார் என்று
நான் சொல்லவில்லை.
எங்கள் வீட்டுக் கடனுக்கு
அடைப்புக்குறி கிடையாது.

இரண்டாம் நாள் மூன்று மணிக்கு
இடி எங்கோ ஒரு மின்மாற்றியைத் தின்றது.
பத்தே நிமிடத்தில் அறை அடுப்பானது.
சால்வைகள் நாற்காலியில்.
நாடுகள் கார் நிறுத்துமிடத்தில்,
ஒரே மாமரத்தின் கீழ்.
பெயர்ப் பலகைகளை எவரும் எடுத்து வரவில்லை.

ஒரு லிட்டர் டீசலை எங்கள் மலைக்கு ஏற்ற
அரை லிட்டர் டீசல் குடிக்கிறது
என்றாள் திமோரின் டொமிங்காஸ்.
கிரிபாட்டியின் இயோடெபா சிரித்தார்:
"எங்களுக்குக் கப்பல் வந்தால்தான் கணக்கே."
வங்கதேசத்து மொஃபிசுல்
கூரைத் தகட்டின் மின்கலம் செத்தால்
யாரிடம் கொடுப்பது என்றார்.

எல்லோரிடமும் செத்த மின்கலங்கள் இருந்தன.
ஒருவரிடமும் அதைப் பிரித்து உயிர்ப்பிக்கும் ஆலை இல்லை.
தனியாகக் கட்ட எவருக்கும் கட்டுப்படியாகாது.
ஏழுக்கும் சேர்த்து ஒன்று என்றால், எங்கே?
மறுபடி சண்டை.
ஆனால் இந்த முறை நஸீஹா
செருப்பைக் கழற்றிவிட்டு
கால் கட்டைவிரலால் புழுதியில் கடல் வரைந்தாள்.
மொஃபிசுல் உதிர்ந்த மாங்காய் ஒன்றைத்
துறைமுகமாக வைத்தார்.
இயோடெபா அதைச் சற்றுத் தள்ளி வைத்தார்.
நான் குறிப்பெடுக்கவில்லை.
மடிக்கணினி உள்ளே.

மின்சாரம் வந்தது, சால்வைகளும்.
மூன்றாம் நாள் 'கூட்டாக' வெளியே வந்தது.
அதற்கு விலையாக
நிதிப் பத்தியின் தலையில்
ஒரு சொல் ஏறி உட்கார்ந்தது:
முடிந்தவரை.

ஆங்கிலத்தில் அதற்கு ஒரு பொருள்தான்.
என் மனம் அதைத் தமிழில் படித்துத் தொலைத்தது.
இயன்ற அளவு என்றும்,
எல்லாம் முடிந்துபோகும் வரை என்றும்.
யாரிடம் சொல்ல?
சேமித்தேன். ஏழு பிரதி அச்சிட்டேன்.

வாசலுக்கு வந்தபோது
மழை பிடித்துக்கொண்டது.
புழுதிக் கடல் கரைந்து
சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது.
துறைமுகத்தை மட்டும் எடுத்துப்
பைக்குள் போட்டேன்.

கூட்டம் என்னாச்சு என்றார் மாவேந்தன் இரவில்.
கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டு
பாதி கொடுத்தேன்.
ஒரு கண்ணை மூடிக்கொண்டு தின்றார்.
புளிப்பு, என்றார்.
இன்னும் இருக்கா, என்றார்.